கோபி பாலைவனம் வழியே ரயிலில் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவின் லான்சோவிலிருந்து வடமேற்கே சிஞ்சியாங் பகுதியிலுள்ள உருமுச்சிக்குச் செல்லும் அதிவேக ரயிலைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் வேகத்தையும் ஜன்னல் காட்சியையும் சொல்லி முடித்துவிடுகின்றன. 1,776 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதை 2014 டிசம்பர் 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. இதில் ரயில் எப்போது போய்ச் சேரும் என்பது கடைசியில் காற்றின் கையில்தான் இருக்கிறது. அது தெரியாமல், இறங்கிய இரண்டு மணி நேரத்தில் விமானம் பிடிக்கலாம் என்று டிக்கெட் எடுப்பவர்கள் தவித்துப்போகிறார்கள்.

இந்தப் பாதையில் ஐந்து காற்று மண்டலங்கள் உள்ளன: ஆன்சி, யென்துன், 'நூறு லீ', 'முப்பது லீ', தாபான்செங். (லீ என்பது சுமார் அரை கி.மீ. கொண்ட சீன தூர அளவு.) மொத்தம் 400 கி.மீ.க்கும் மேல். ஹாமிக்கும் துர்பானுக்கும் இடைப்பட்ட 'நூறு லீ' மண்டலம்தான் மிக மோசம். வடக்கே குளிர்ந்த கனத்த காற்று, தெற்கே கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் துர்பான் பள்ளம், நடுவில் மலை இடைவெளிகள். வசந்தத்தில் பள்ளம் விரைவாகச் சூடேறும்போது அந்த இடைவெளிகள் வழியே காற்று பாய்ந்து இறங்குகிறது. தரையோ சரளைக்கல், புயல் அதையும் தூக்கி வீசும். 2007 பிப்ரவரி 28 அதிகாலை, துர்பானுக்கு அருகே தெற்கு சிஞ்சியாங் பாதையில் ஒரு பயணிகள் ரயிலின் 11 பெட்டிகளைக் காற்று தடம்புரட்டி உயிர்ப்பலி வாங்கியது. அது பழைய வகை ரயில், வேறு பாதை. ஆனால் காற்று இதே காற்று.

அதனால்தான் புதிய பாதையில் காற்று வரும் பக்கமாகத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மண்கரை மீது கான்கிரீட் தூண்களும் பலகைகளும், பாலங்கள் மீது எஃகுத் தடுப்புகள். மிகக் கடுமையான ஓரிடத்தில் சுமார் 1.2 கி.மீ. தூரத்துக்குப் பாதையையே கூரை போட்டு மூடிவிட்டார்கள். சுவரை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. குட்டையாக இருந்தால் காற்று பெட்டியை நேரே தள்ளும்; அளவுக்கு மீறி உயர்ந்தால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அழுத்தம் குறைந்து, பெட்டி சுவர்ப் பக்கமாக இழுக்கப்படும். சுவரைத் தாண்டி எழும் காற்று மேலே இன்னும் வேகம் கூடி மின்கம்பிகளை ஆட்டி, அவற்றைப் பிடித்திருக்கும் இணைப்புகளைத் தேய்க்கும். இந்தச் சிக்கலை அங்குள்ள பராமரிப்பாளர்கள் திறப்புக்குப் பிறகும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. மண்கரை முடிந்து, மேட்டை வெட்டிப் பாதை போட்ட பள்ளம் தொடங்கும் இடங்களில் சுவரின் வடிவம் மாறும். அங்கே பெட்டி சட்டென்று பக்கவாட்டில் ஓர் ஆட்டம் ஆடும். கோப்பையை விளிம்புவரை நிரப்பி வைத்தால் தளும்பிவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

சீன அதிவேக ரயில்களுக்கான பொது விதி இது: காற்று நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டினால் வேகம் மணிக்கு 200 கி.மீ.க்குள், 25 மீட்டரைத் தாண்டினால் 120 கி.மீ.க்குள், 30 மீட்டரைத் தாண்டினால் ரயில் காற்றுப் பகுதிக்குள் நுழையக் கூடாது. சுவருள்ள இடங்களுக்குத் தனி வரம்பு உண்டு. ஓட்டுநர் தம் இஷ்டத்துக்கு நிறுத்துவதில்லை. தண்டவாளத்தை ஒட்டிய காற்றளவிகள் சொல்வதைக் கொண்டு கட்டுப்பாட்டு மையம் உத்தரவிடுகிறது. மண்டலத்துக்கு முந்தைய நிலையத்தில் ரயில் மணிக்கணக்கில் நின்றால் அதைச் சீர்கேடு என்று வையாதீர்கள். அந்த விதி சரியானது.

ஆகவே மார்ச் முதல் மே வரை போகிறவர்கள் அடுத்த பயணத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். காற்றால் ரயில் ரத்தானால் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். தவறவிட்ட விமானத்தின் கட்டணம் கிடைக்காது. ஒரு வேளைக்கு அதிகப்படியான உணவு கையில் இருக்கட்டும். கொதிநீர்க் குழாய் ரயிலிலேயே இருப்பதால் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடக்கூடியவை உதவும். சைவர்கள் ரயில் உணவை நம்ப வேண்டாம். கையில் கொண்டுபோகும் பயணப் பெட்டியின் நீள, அகல, உயரக் கூட்டல் 130 செ.மீ.க்குள், எடை 20 கிலோவுக்குள். 150 மி.லி.க்கு மேற்பட்ட ஸ்பிரே டப்பாவைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டை ஊழியர் கையால் பார்க்கும் வரிசை மெதுவாகத்தான் நகரும். ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

மேற்கே போகும்போது இடப்பக்க, அதாவது தெற்கு ஜன்னலைக் கேளுங்கள். சாங்யேயிலிருந்து ஜியாயுகுவான் வரை சீலியன் மலையின் பனிமுடிகள் அந்தப் பக்கம்தான். காற்று மண்டலங்களில் வடக்கு ஜன்னலில் நெடுநேரம் சுவர் மட்டுமே தெரியும்.

டிக்கெட் எடுக்கும்போது நிற்கும் ஊர்களின் பட்டியலையும் பாருங்கள். சீனிங் வழியாகப் போனால் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள மலைச்சுரங்கத்தைக் கடப்பீர்கள். 2022 ஜனவரியில் மென்யுவான் நிலநடுக்கத்தில் அந்தப் பகுதிச் சுரங்கம் ஒன்று சேதமடைந்து பாதை நெடுநாள் மூடிக்கிடந்தது. அப்போது ரயில்கள் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டன. துன்ஹுவாங்கின் பௌத்தக் குகைகளுக்காக லியுயுவான் தெற்கு நிலையத்தில் இறங்குகிறவர்கள், அங்கிருந்து இன்னும் 100 கி.மீ.க்கு மேல் சாலையில் போக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. டிக்கெட்டில் உள்ள நேரம் எல்லா இடத்திலும் பெய்ஜிங் நேரமே. சிஞ்சியாங்கில் உள்ளூர்க்காரர் பலர் அதற்கு இரண்டு மணி பின்தங்கிய நேரத்தைச் சொல்வார்கள். வண்டி பேசும்போது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்