சொந்தப் பாட்டுக்கு ஒரு மாலை நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிபெருக்கி நிலையம் நடத்தி வருகிறேன். கோயில் கொடை, சடங்கு வீடு, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் என் மைக் செட் போகாத தெரு குறைவு. எங்கள் பக்கத்து இளைஞர்கள் நால்வர் 2017இல் தொடங்கி 2024இல் கலைத்துவிட்ட ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயர்களை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். திறமைக்கும் ஒற்றுமைக்கும் குறைவில்லாத அந்தக் குழு கலைந்ததற்கு நான் கண்ட முதன்மையான காரணம், தாங்களே எழுதிய பாட்டைத் தங்கள் ஊரில் பாடிக் காட்ட ஏழு ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு மேடை கூட முறையாகக் கிடைக்காததுதான்.

அவர்கள் வாசித்த இசைக்கு எமோ என்று பெயர். 1980களின் நடுவில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், வேகமும் சீற்றமும் மிகுந்த ஹார்ட்கோர் பங்க் இசையில் வளர்ந்த சில இளைஞர்கள், அதே சத்தத்துக்குள் தங்கள் துயரத்தையும் பிரிவையும் கூச்சமில்லாமல் பாடத் தொடங்கியதிலிருந்து இது பிறந்தது. அவர்களில் முன்னோடியான ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு 1985இல் ஒரே ஒரு முழுப் பாடல் தொகுப்பை வெளியிட்டுவிட்டுச் சீக்கிரமே கலைந்தது. 1990களில் இந்த இசை இல்லினாய் போன்ற நடுமேற்கு மாநிலங்களின் கல்லூரி ஊர்களுக்குப் போய் வேறு நடை கொண்டது. கிட்டாரின் கம்பிகளை வழக்கமான சுருதிக்கு மாறாகச் சேர்த்துக்கொண்டு, மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாக மீட்டுவது அந்த நடை. முதன்முதலில் எங்கள் பையன்கள் அப்படிச் சுருதி சேர்த்தபோது கிட்டார் கெட்டுவிட்டதோ என்று நான் பயந்தேன். அரைமணி நேரம் கேட்ட பிறகு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த நால்வரும் எங்கிருந்தோ இசையை இறக்குமதி செய்துகொண்டு வந்தவர்கள் அல்லர். பேஸ் கிட்டார் வாசித்தவர் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கற்றவர். நம் மாவட்டத்தில் எத்தனையோ பேருக்குக் கிட்டாரும் கீபோர்டும் அப்படித்தான் கைக்கு வந்தன. டிரம்பெட் ஊதியவர் கல்யாணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் போகும் பேண்டு செட்டுக்காரரின் மகன். எமோ குழுவில் டிரம்பெட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இல்லினாயில் அமெரிக்கன் ஃபுட்பால் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவரே டிரம்பெட்டும் ஊதினார். கல்லிடைக்குறிச்சிக் குழு ஒரு பழைய அரிசி ஆலைக் கிடங்கில், சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கி ஒத்திகை பார்த்தது. பாட்டெல்லாம் தமிழில், நம் பேச்சிலேயே இருந்தது. துபாய்க்குப் போன தகப்பனைப் பற்றி ஒரு பாட்டு. பீடி சுற்றியே விரல் காய்த்துப்போன அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு.

2018 ஆடி மாதம் ஒரு கோயில் கொடையில் நடந்ததை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் வரத் தாமதமானதால், என் சொல்லை நம்பி விழாக் கமிட்டியார் இந்தப் பையன்களை மேடையேற்றினார்கள். இரண்டாவது பாட்டிலேயே, “என்ன இது, கொடையில அழுகைப் பாட்டு?” என்று சத்தம் கிளம்பியது. கொடைக்கு வரி கொடுத்த ஊரார் சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள் என்று கமிட்டியார் என்னிடம் வந்து சொன்னார்கள். நான் கிட்டாரின் ஒலியைக் குறைத்தேன். பிறகு முழுதாகவே இறக்கினேன். பாடிக்கொண்டிருந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, “மானிட்டர்ல ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி” என்றான். மேடையில் பாடுபவருக்கே தன் ஒலி கேட்பதற்காக அவர் பக்கம் திருப்பி வைக்கும் ஒலிப்பெட்டிதான் மானிட்டர். ஏதோ பழுது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதே கொடையில், அதற்கு முந்திய இரவு, வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை பாடினார்கள். மாடு களவாண்டவர்களோடு சண்டையிட்டு வென்றபின் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட பட்டனுக்காகவும், அவனோடு தீயில் இறங்கிய அவன் மனைவியர் பொம்மக்கா, திம்மக்காவுக்காகவும் அந்தக் கூட்டம் விடியும்வரை கண்கலங்கி உட்கார்ந்திருந்தது. காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் அதே முத்துப்பட்டனைத்தான் பட்டவராயனாக இன்றும் கும்பிடுகிறோம். ஆகவே துயரத்தைக் கேட்கத் தெரியாத ஊர் இது என்று நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிய பாட்டைக் கேட்பதற்கென்று வருகிற ஆட்கள் வேறு. நேர்ச்சைக்கும் கொண்டாட்டத்துக்கும் வருகிற ஆட்கள் வேறு. முதல் வகையினர் கூடுவதற்கு நம் வட்டாரத்தில் இடமே இல்லை. பிழை அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் திருநெல்வேலியில் கூடம் தேடினார்கள். மண்டபங்கள் கல்யாணத்துக்கு உரிய முழுநாள் வாடகையைக் கேட்டன. ஒரு கல்லூரியில் கலைவிழாவுக்கு அழைத்து, வந்த பிறகு சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்றார்கள். 2020இல் ஊரடங்கு வந்து எல்லா மேடைகளையும் மூடியது. என் தொழிலே படுத்துவிட்ட அந்தக் காலத்தில் இவர்கள் கிடங்கில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான்கு பாடல்களைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றினார்கள். முகம் தெரியாத வெளிநாட்டவர் சிலர், மொழி புரியாமலேயே கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்ட வெள்ளத்தைத் தங்கள் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கால்வாயை ஒட்டியிருந்த கிடங்கில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆம்ப்ளிஃபயர்கள் சேற்றில் கிடந்தன. டிரம்ஸின் மர உருளைகள் ஊறிப் பிளந்துவிட்டன. அவற்றைத் திரும்ப வாங்கக் கச்சேரி வருமானம் என்று ஒன்று இருந்திருந்தால் குழு பிழைத்திருக்கும். மறு ஆண்டு ஒருவர் ஓசூருக்கும் ஒருவர் மஸ்கட்டுக்கும் வேலைக்குப் போனார்கள்.

வாஷிங்டனில் இந்த இசை வளர்ந்த விதத்தை நாம் கவனிக்க வேண்டும். செயின்ட் ஸ்டீபன்ஸ் போன்ற தேவாலயக் கூடங்களும் சமுதாயக் கூடங்களும் இளைஞர்களுக்கு மாலை வேளைகளில் கதவு திறந்தன. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் பாடியவர் பின்னர் சேர்ந்த ஃபுகாசி குழு, நுழைவுக் கட்டணம் 5 டாலருக்கு மேல் போகக்கூடாது, எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்ற கொள்கையோடு ஆண்டுக்கணக்கில் கச்சேரிகளை நடத்தியது. அமெரிக்கன் ஃபுட்பால் குழுவோ, நம் நெல்லை, பாளை போலவே இரட்டை நகரங்களான சாம்பெயினிலும் அர்பானாவிலும் மூன்று கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. 1999இல் ஒரு தொகுப்பை வெளியிட்டுவிட்டுப் படிப்பு முடிந்ததும் பிரிந்துபோனார்கள். அந்தத் தொகுப்பை உலகெங்கும் மெல்ல மெல்ல ஆட்கள் கண்டுபிடிக்க, 2014இல் மீண்டும் மேடையேறினார்கள். தொகுப்பின் அட்டைப்படத்தில் இருந்த அர்பானா வீட்டை 2023இல் குழுவினரும் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து விலைக்கே வாங்கினார்கள்.

நம்மிடமும் கூடங்கள் உண்டு. பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தேவாலயங்களுக்கும் சொந்தமான அரங்குகள் பல மாலைகளில் பூட்டியே கிடக்கின்றன. நாதசுவரத்தையும் தவிலையும் கற்றுத்தரும் அரசு மாவட்ட இசைப்பள்ளி நம் மாவட்டத்தில் இயங்குகிறது. இந்த நிறுவனங்களில் ஏதேனும் ஒன்று, மாதத்தில் ஒரே ஒரு மாலை, ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, மின்கட்டணத்தையும் துப்புரவுச் செலவையும் மட்டும் பெற்றுக்கொண்டு, சொந்தப் பாட்டுப் பாடும் குழுக்களுக்கு அரங்கைத் தர வேண்டுகிறேன். அது எமோவாக இருக்கலாம், கானாவாக இருக்கலாம், புதிதாக எழுதிய வில்லுப்பாட்டாகவும் இருக்கலாம். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதிக்கும் இதனால் இடைஞ்சல் வராது. மூடிய அரங்கில் அளவோடு ஒலி வைப்பது என் போன்றோருக்குத் தெரிந்த வேலை.

அப்படி ஓர் அரங்கு கிடைத்தால், முதல் ஓராண்டுக்கு மிக்சர், மைக், ஒலிப்பெட்டிகள், மேடை மானிட்டர்கள் நான்கு ஆகியவற்றை வாடகையில்லாமல் தருவேன். மிக்சரிலும் நானே உட்காருவேன். ஓசூரில் இருக்கும் பையனிடம் பேசிவிட்டேன். முதல் மாலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர்,
கல்லிடைக்குறிச்சி