பால் திரிந்தாலே பயந்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இப்போது வரும் பேய்ப் படங்களில் கதவு திறக்கிறது, ஓர் உருவம் பாய்கிறது, கூடவே காதைப் பிளக்கும் சத்தம். தூக்கிவாரிப் போடுகிறது, சரி. ஆனால் அது பயம் இல்லை. பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டினாலும் அப்படித்தான் இருக்கும்.

2009-இல் வந்த 'யாவரும் நலம்' படத்தை நினைத்துப் பாருங்கள். 13-ஆவது மாடிக்குப் புதிதாகக் குடிவருகிறது ஒரு குடும்பம். காலையில் பால் திரிந்துபோகிறது. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகர மறுக்கிறது. மதியம் ஒரு மணிக்குப் பெண்கள் பார்க்கும் தொடரில் இவர்கள் வீட்டுக் கதையே ஓடுகிறது. பாலும் சீரியலும் எல்லார் வீட்டிலும் இருப்பவைதானே. அதனால்தான் அந்தப் பயம் தியேட்டரோடு நிற்காமல் வீடுவரை கூடவே வந்தது. படம் பார்த்த மறுநாள் எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டது. வெயில் காலம், காரணம் தெரியும். இருந்தும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை சில்லிட்டிருந்தது.

2011-இல் 'காஞ்சனா' ஓடிய பிறகு பேயும் காமெடியும் சேர்ந்தே வருகின்றன. அதற்கும் ரசிகர்கள் உண்டு, குறை சொல்லவில்லை.

நம் இயக்குநர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு காட்சியிலாவது பின்னணி இசையை நிறுத்திவிட்டு, இருட்டு அறையில் மின்விசிறி சுழலும் ஓசையை மட்டும் எங்களைக் கேட்க விடுங்கள்.

– ஒரு வாசகி, கும்பகோணம்