ரத்தம் கொடுக்கும் முன் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. பேத்தி குப்புறக் கவிழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது, கிணறும் ஊறியிருக்கிறது.

நித்யாவுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது, பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாள், தொடரலாமா என்று கேட்டிருந்தாய். அடுத்த வாரம் தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறாள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் உடனே பேனாவை எடுத்தேன். லேப்பிலேயே காலம் கழித்தவள் சொல்கிறேன், அலட்சியம் பண்ணாதே.

போன வருஷம் என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஒன்றுமே இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் ஏறியிருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று வீடே கலங்கிப்போனது. நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலில் நடுக்கம் இல்லை, உள்ளங்கையில் வியர்வை இல்லை, நாடி நிதானமாக ஓடியது. உடம்பும் இளைக்கவில்லை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க அண்ணி?" என்றேன். ஒன்றுமில்லை என்றாள். கண்ணாடி மேசையில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பா, பயோட்டின் 10 மில்லிகிராம். "அது மாத்திரையா? முடிக்கு வைட்டமின்தானே!" என்றாள். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

இது ஏன் என்றால், பல லேப் மெஷின்கள் ரத்தத்தில் ஹார்மோனை அளக்கப் பயோட்டினையே பயன்படுத்துகின்றன. அதை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் அதற்குள் இருக்கும். மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின், பாண்டி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல, அந்தப் புரதத்தில் முன்னாலேயே உட்கார்ந்துவிடும். இரண்டையும் அளக்கும் முறை வேறு வேறு என்பதால், டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் வரும். எல்லா மெஷினிலும் இப்படி ஆகாது. ஆனால் எந்த லேப்பில் எந்த மெஷின் என்று நமக்கென்ன தெரியும்?

நித்யா விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி நிஜமாகவே வரும். அதன் முதல் கட்டத்திலும் டிஎஸ்ஹெச் இறங்கி, டி4 ஏறித்தான் இருக்கும். மாத்திரையோடு ரத்தம் கொடுத்தால் நோயா, மாத்திரையின் வேலையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல். சாப்பிட்ட விஷயத்தை டாக்டரிடமும் லேப்பிலும் மறைக்காமல் சொல்லட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் சோதனையிலும் இதே கோளாறு உண்டு. அங்கே அளவு பொய்யாகக் குறைந்து, மாரடைப்பே இல்லை என்று காட்டிவிடும். அப்படி ஓர் உயிர் போன பிறகு, 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது. அதனால் உன் வீட்டுக்காரரும் முடிக்கென்று அந்த டப்பாவில் கை வைக்கிறாரா என்று பார்த்துக்கொள்.

முடிக்கு வருவோம். பால் கொடுப்பவளுக்கு ஒரு நாளைக்கு 35 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். 10 மில்லிகிராம் மாத்திரை என்பது அதைப்போல ஏறக்குறைய முந்நூறு மடங்கு. குறைபாடு இருப்பவர்களுக்கு அது மருந்து. வலிப்பு மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்கள், பிறவியிலேயே பயோட்டினிடேஸ் நொதி இல்லாதவர்கள் என்று அப்படிப்பட்டவர்கள் வெகு சிலரே. மற்றவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. 1927-இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் எலிகளுக்குப் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவையே தீனியாகப் போட்டபோது அவற்றுக்குத் தோல் புண்ணாகி ரோமம் உதிர்ந்தது. வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின், பயோட்டினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும். நாம் வயசுக்கு வந்தபோது பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கவைத்தார்களே, அது சில நாள் சமாச்சாரம் என்பதால் தப்பித்தோம். நித்யாவுக்கு அவித்த முட்டை கொடு, வேர்க்கடலை கொடு, சர்க்கரைவள்ளி கொடு. அவளுக்கு வேண்டிய பயோட்டின் அதிலேயே கிடைத்துவிடும்.

கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடிதான் பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் மொத்தமாகக் கொட்டும். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தானாகவே முளைத்துவிடும். அவளிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல், பாவம், சின்னப் பெண், பயந்திருப்பாள். தைராய்டோடு ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். இரும்புச்சத்து குறைந்தாலும் முடி கொட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அப்புறம், தைப்பூசத்துக்கு வடலூர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். பேத்தியையும் தூக்கிக்கொண்டு வா.

அன்புடன்,
தேவகி