உறை பிரிக்கும் உரிமை

கும்பகோணம்

அன்புள்ள தண்டபாணிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று அறிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கு அனைவரும் நலம். பேத்தி சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். விடுமுறைக்கு வரும்போது நீதிமன்றத் தீர்ப்புகளின் நகல்களைக் கொண்டுவந்து, எனக்குப் புரியும்வரை பொறுமையாக விளக்குகிறாள். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில் பெரும்பகுதி அவளோடு வாசித்ததிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் அஞ்சல் துறையில் நான் கழித்த ஆண்டுகளிலிருந்து வந்தது.

நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. "நாட்டுப்பற்று உள்ளவனுக்கு அரசிடம் மறைக்க என்ன இருக்கிறது? போனில் கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்" என்று எழுதி, அதற்குச் சான்றாகக் கார்கிலைச் சொல்லியிருந்தாய். 1999 மே மாதம் பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதி முஷாரப்பும் ராவல்பிண்டியில் இருந்த அவருடைய தளபதி அஜீஸும் தொலைபேசியில் பேசியதை நம் உளவு நிறுவனமான ரா பதிவு செய்தது. மலையில் இருப்பவர்கள் யாரோ போராளிகள் என்ற பாகிஸ்தானின் பொய் அந்த ஒலிநாடாவால் உலகத்தின் முன் உடைந்தது. அந்த மலைகளில் பணியாற்றிய உனக்கு அதன் மதிப்பு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் எனக்கு உன்னோடு எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. எதிரி நாட்டுத் தளபதியின் பேச்சை ஒட்டுக்கேட்பது போரின் ஒரு பகுதி. என் கவலை முழுவதும் தன் சொந்தக் குடிமக்களின் கடிதத்தையும் பேச்சையும் அரசு எந்த விதியின்கீழ், யாருடைய அனுமதியோடு, யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு திறக்கிறது என்பதைப் பற்றியது.

முதலில் நாட்டுப்பற்றையே எடுத்துக்கொள்வோம். உன் வீட்டுக் கூடத்தில் நேதாஜியின் படம் மாட்டியிருக்கிறது. மலேயாவில் இருந்த உன் பெரியப்பா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த கதையை நாம் பள்ளியில் படிக்கும்போதே நீ சொல்லியிருக்கிறாய். அந்த நேதாஜியின் குடும்பத்தை, நாடு விடுதலை பெற்ற பிறகு, 1948 முதல் 1968 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்முடைய உளவுத்துறையே கண்காணித்து வந்தது என்பது 2015இல் வெளியான கோப்புகளிலிருந்து தெரியவந்தது. கொல்கத்தாவில் அக்குடும்பத்துக்கு இருந்த இரண்டு வீடுகளுக்கு வந்த கடிதங்கள் பிரிக்கப்பட்டு, நகல் எடுக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டுச் சேர்க்கப்பட்டன. நேதாஜியின் அண்ணன் மகன்களான சிசிர் குமார் போஸும் அமிய நாத் போஸும் யாருக்கு எழுதினார்கள், யாரைச் சந்தித்தார்கள் என்பதெல்லாம் குறிப்பெடுக்கப்பட்டது. அந்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி நேரு பிரதமராக இருந்த காலம். இதை ஒரு கட்சியின் குற்றமாக நான் சொல்லவில்லை. அதிகாரம் யார் கையில் இருந்தாலும், தடுக்க ஆளில்லாத இடத்தில் அது இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதற்காகச் சொல்கிறேன். நாட்டுப்பற்று ஒருவனைக் கண்காணிப்பிலிருந்து காப்பாற்றும் என்றால், அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

இன்னும் பின்னால் போனால் பாரதி நிற்கிறார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பத்தாண்டுகளும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவருடைய தெருவிலேயே இருந்தார்கள், வருவோர் போவோர் கணக்கெடுக்கப்பட்டார்கள், கடிதங்கள் மறிக்கப்பட்டன, 'இந்தியா' இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைய முடியாமல் நின்றுபோனது. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகக் காகிதங்கள் அடைத்த ஜாடி ஒன்றை ஒற்றர்களே போட்டுவிட்டு, பிறகு பிரெஞ்சுப் போலீசுக்குத் துப்புக் கொடுத்துப் பிடித்துவிடத் திட்டமிட்டார்கள் என்றும், ஜாடி முன்னதாகவே கண்ணில் பட்டுவிட, பாரதியின் யோசனைப்படி இவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசாரிடம் சொல்லித் தப்பினார்கள் என்றும் புதுச்சேரி நாட்களைப் பற்றி எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த நிகழ்ச்சி எப்போதும் முக்கியமாகப் படுகிறது. மறைக்க ஒன்றும் இல்லாதவனின் கிணற்றிலும் ஜாடியைப் போட முடியும். இன்று அந்தக் கிணற்றின் இடத்தில் நம் கைப்பேசி இருக்கிறது.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்தோம். அதில் 26ஆம் பிரிவு, பொது அவசரநிலையிலும் பொதுப் பாதுகாப்புக்காகவும் தபாலை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அது வெள்ளைக்காரன் தனக்காக எழுதிக்கொண்ட பிரிவு. ஆனால் அதே சட்டத்தில், கடிதத்தை முறையின்றிப் பிரிக்கும் அஞ்சல் ஊழியனுக்குச் சிறைத்தண்டனை உண்டு என்றும் இருந்தது. பைகட்டும் ஊழியர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. பயத்தைவிடக் கூடுதலாக ஒரு மரியாதையும் இருந்தது. பிறர் கடிதம் என்பது தொடக்கூடிய, ஆனால் படிக்கக்கூடாத பொருள். ஒட்டாத உறை வந்தால் இன்னொருவர் முன்னிலையில் ஒட்டி, குறிப்பு எழுதி அனுப்புவோம்.

1986இல் ராஜீவ் காந்தி அரசு அந்த 26ஆம் பிரிவைத் திருத்தி, இடைமறிக்கும் அதிகாரத்தை விரிவாக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது உனக்கு நினைவிருக்கலாம். குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை; அப்படியே வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த நம் ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். கடைசியில் 2002இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்த ஒன்று, 2023இல் வந்த புதிய அஞ்சல் சட்டத்தின் 9ஆம் பிரிவாக, பெரிய விவாதம் எதுவும் நாட்டில் எழாமலே சட்டமாகிவிட்டது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அந்நிய நாடுகளுடனான நட்புறவு ஆகியவற்றோடு, ஏதாவது ஒரு சட்டம் மீறப்பட்டாலும் கூட அதிகாரி தபாலைத் திறக்கலாம். அதே வேளையில், முறையின்றிப் பிரிக்கும் ஊழியனுக்கு முன்பு இருந்த தண்டனை புதிய சட்டத்தில் இல்லை. அரசின் கை நீண்டிருக்கிறது, குடிமகனுக்கு இருந்த காப்பு குறைந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் அந்த உறைகளைக் கையாண்டவன் என்ற முறையில் இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

தொலைபேசியின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் ஒட்டுக்கேட்க அரசுக்கு அதிகாரம் தந்த ஐந்தாம் பிரிவு; அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு; 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. உள்துறைச் செயலர்தான் ஆணையிட வேண்டும், ஆணை இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு சரிபார்க்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். ஆணையிட்டவரும் அரசு அதிகாரி, சரிபார்ப்பவர்களும் அரசு அதிகாரிகள். இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் ஒரு நீதிபதி இல்லை. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் கொடுத்த அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இந்த மறுஆய்வுக் குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வருகின்றனவாம். பேத்தி இதை வாசித்தபோது நான் மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஒரு கூட்டத்தில் பதினைந்தாயிரம் ஆணைகளை மூன்று மூத்த அதிகாரிகள் எப்படிப் பார்க்க முடியும்? ஓர் ஆணைக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரவு பகலாகப் பத்து நாள் உட்கார வேண்டும்.

சரிபார்ப்பு இப்படி இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு உண்டு. 2011இல் ஒரு லஞ்சப் புகாரில் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை ஆணையிட்டது. 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாதபோது, சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்பதும், பதிவுகள் உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்பதும் காரணங்கள். அதே சமயத்தில் டெல்லி உயர்நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் மாறான முடிவுக்கு வந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லஞ்சம் வாங்குபவன் தப்பிக்கலாமா என்று நீ கேட்பாய். தப்பிக்கக் கூடாது. ஆனால் அவனைப் பிடிப்பதற்காக வளைத்த விதி நாளைக்கு உன் பேரனுக்கும் என் பேத்திக்கும் வளையும் என்பதால்தான் நீதிபதி அங்கே நின்றார் என்று எண்ணுகிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்வியிலும் நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் சாட்சியமில்லாமல் விடுவிக்கப்பட்டும், போலீசார் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவந்தார்கள். 1962இல் உச்சநீதிமன்றம் இரவில் கதவைத் தட்டுவதை மட்டும் தவறு என்றது. பின்தொடர்வதும் குறிப்பெடுப்பதும் பரவாயில்லை, அரசமைப்பில் அந்தரங்க உரிமை என ஒன்று சொல்லப்படவில்லை என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ராஜகோபால ஐயங்கார். மறுத்து எழுதியவர் சுப்பா ராவ். இருவருமே சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகளாக இருந்தவர்கள். கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவனின் மனமே கட்டுண்டுவிடுகிறது, எனவே அவன் உடல் எங்கு வேண்டுமானாலும் போக முடிவதால் மட்டும் அவன் சுதந்திரமானவன் ஆகிவிடமாட்டான் என்பது சுப்பா ராவ் சொன்னதன் சாரம். அவர் பக்கம் சரி என்று நாடு ஒப்புக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமையில் அரசு குறுக்கிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்று விதித்தார்கள்.

தீர்ப்பு இருந்தும் நடைமுறை எங்கே நிற்கிறது என்பதை பெகாசஸ் காட்டியது. 2021இல் அந்த உளவு மென்பொருள் பற்றிய செய்திகள் வந்தபோது, அதை வாங்கினோமா இல்லையா என்று சொல்லவே அரசு மறுத்தது. காரணம் தேசப் பாதுகாப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நீதிமன்றம் ஒதுங்கிப் போய்விட முடியாது என்று தலைமை நீதிபதி ரமணாவின் அமர்வு சொல்லி, ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பரிசோதித்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு தெரிவித்தது. நீ ராணுவத்தில் ஒரு தோட்டாவுக்குக் கூடக் கணக்கு எழுதியவன். பதிவேட்டில் கையெழுத்தில்லாமல் ஆயுதக் கிடங்கைத் திறக்க உன் மேலதிகாரியே கேட்டாலும் நீ விட்டிருக்க மாட்டாய். அந்த ஒழுங்கைத்தான் நான் உளவு அதிகாரத்துக்கும் கேட்கிறேன்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒட்டுக்கேட்கவோ தபாலைத் திறக்கவோ ஆணை தேவைப்பட்டால் முன்கூட்டியே ஒரு நீதிபதியின் ஒப்புதல் பெற வேண்டும், அவசரத்தில் முடியாவிட்டால் சில நாட்களுக்குள்ளாவது அவர் முன் வைக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை ஆணைகள் பிறந்தன என்ற எண்ணிக்கையை, பெயர்கள் இல்லாமல், நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். காரணமின்றிக் கண்காணிக்கப்பட்டவருக்கு விசாரணை முடிந்தபின் அதைத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளோடு எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்கள் பலர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எல்லையில் நின்ற ஒருவர் இதைக் கேட்கும்போது, கேட்பவர்கள் நாட்டுக்கு எதிரானவர்கள் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆகவே உன் கையெழுத்தும் வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இதே மனுவை நீ கொடுக்கலாம்.

மனுவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்றாவது கோரிக்கை, உளவு வேலை செய்பவர்களின் கண்ணோட்டத்தில் நடைமுறைக்கு ஒத்துவராது என்று நீ நினைக்கக்கூடும். அப்படியானால் அதை எப்படித் திருத்தலாம் என்று ஓரத்தில் எழுதி அனுப்பு. மாத இறுதிக்குள் வந்தால், கொடுப்பதற்கு முன் மாற்றிவிடலாம். அக்காவுக்கு என் வணக்கம். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாதே.

உன் அன்பு நண்பன்,
வேலாயுதம்