ஆகஸ்டில் அழியும் ஒற்றையடிப் பாதைகள்: பாரிஷ் கவுன்சில்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துச் சிற்றூர்களின் உள்ளாட்சி மன்றங்களான பாரிஷ் கவுன்சில்களின் உறுப்பினர்களுக்கும், அவற்றின் அலுவலர்களான கிளார்க்குகளுக்கும் வணக்கம்.

ஜூலைக் கூட்டம் முடிந்தால் உங்களில் பலர் செப்டம்பரில்தான் மறுபடி கூடுகிறீர்கள். அறுவடை முடிந்து வயலில் கலப்பை இறங்குவது அந்த இடைவெளியில்தான். ரேப் எனப்படும் கடுகினப் பயிரை ஆகஸ்டிலேயே விதைத்துவிடுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் கோதுமை. வயலைக் குறுக்காகக் கடக்கும், பொதுமக்களுக்கு நடக்கச் சட்ட உரிமை உள்ள ஒற்றையடிப் பாதை உழவோடு மறைகிறது. செப்டம்பரில் யாராவது எழுந்து புகார் சொல்லும்போது பயிர் முளைத்திருக்கும். "கவுண்டி கவுன்சிலுக்குத் தெரிவிக்கப்படும்" என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். மே மாதத்தில் அதே ரேப் ஆளுயரம் நின்று, மழையில் சாய்ந்து பின்னிக்கொள்ளும். அதற்குள் புகுந்து எவராலும் நடக்க முடியாது. தேவாலயத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போக வேண்டியவர்கள் நடைமேடை இல்லாத, 60 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையோரம் நடக்கிறார்கள். ஜூலையிலேயே ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் சட்டம். குறுக்குப் பாதையை உழுவதே குற்றம் என்று சிலர் வாதாடுவது தவறு. அதைத் தவிர்த்து உழுவது வசதிப்படாத இடத்தில் உழலாம் என்றே 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பயிருக்காக முதன்முதல் மண்ணைக் கிளறிய நாளையும் சேர்த்து 14 நாளுக்குள் பாதையை நடக்கத் தக்கதாகச் சமன்படுத்த வேண்டும். அது எந்தக் கோட்டில் போகிறது என்பதும் தரையில் தெரிய வேண்டும். அதே பயிருக்காக அதன்பின் மறுபடி கிளறினால் கெடு வெறும் 24 மணி நேரம். பெரும்பாலான தகராறு பிறப்பது இந்த இரண்டாவது கெடுவில்தான். உழுது மூன்று வாரம் கழித்து விதைப்பவர், விதைத்த நாளிலிருந்து இன்னொரு 14 நாள் உண்டு என்று நம்புகிறார். கிடையாது. கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால், கெடு முடிவதற்குள் நெடுஞ்சாலைப் பொறுப்புள்ள கவுன்சிலிடம் (கவுண்டி கவுன்சில், அல்லது உள்ளாட்சிப் பணிகளை ஒன்றாகப் பார்க்கும் யூனிட்டரி கவுன்சில்) விண்ணப்பித்து 28 நாள் வரை பெறலாம். ஆகவே புகார் எழுதுமுன் அப்படி யாரும் பெற்றிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலோரமாகப் போகும் பாதை வேறு வகை. அதை உழவே கூடாது.

அகலம் எவ்வளவு என்பதற்கு முதலில் அதிகாரபூர்வப் பாதை வரைபடத்தோடு உள்ள விவரப் பட்டியலைப் பாருங்கள். அதில் அகலம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே செல்லும். இல்லையென்றால் குறுக்கே போகும் நடைபாதைக்குக் குறைந்தது 1 மீட்டர், வயலோர நடைபாதைக்கு 1.5 மீட்டர், குதிரைப் பாதை என்றால் முறையே 2, 3 மீட்டர். 137ஏ பிரிவின்படி பயிர் வளர்ந்து இந்த அகலத்துக்குள் வந்து இடைஞ்சல் செய்யக் கூடாது. மேய்ச்சலுக்கும் சைலேஜ் எனப்படும் புளிக்கவைத்த தீவனத்துக்கும் வளர்க்கும் புல் இந்த விதிக்குள் வராது. புல்வெளி பற்றி இந்தப் பிரிவைக் காட்டி எழுதிய கடிதம் திரும்பி வரத்தான் செய்யும்.

இனி உங்கள் கையில் உள்ள அதிகாரம். தனிமனிதர் எவரும் புகார் தரலாம். அது வரிசையில் கிடக்கும். பாரிஷ் கவுன்சில் தரும் முறையீட்டுக்கு எடை வேறு. பொதுப் பாதை சட்டவிரோதமாகத் தடைப்பட்டிருக்கிறது என்று நீங்கள் 130ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவின்படி முறையிட்டால், அது பிழை என்று தெளிந்தால் தவிர, உரிய நடவடிக்கை எடுப்பது கவுண்டி அல்லது யூனிட்டரி கவுன்சிலின் கடமை. விருப்பம் அல்ல, கடமை. இத்தனை வலுவான சொல்லை உங்கள் கடிதங்களில் காணோமே என்பதுதான் வருத்தம். "தயவுசெய்து கவனிக்கவும்" என்று எழுதுவதும் இந்தப் பிரிவைப் பெயர்சொல்லி எழுதுவதும் ஒன்றாகாது.

அந்த முறையீடு கவுன்சிலின் முடிவாக இருக்க வேண்டும். தலைவர் தாமாகவே கையெழுத்திட்டு அனுப்பினால் அது கவுன்சிலின் கடிதம் ஆகாது. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 101ஆம் பிரிவு குழுவிடமோ அலுவலரிடமோ அதிகாரத்தை ஒப்படைக்க இடம் தருகிறது. ஒற்றை உறுப்பினரிடம் ஒப்படைக்க இடமில்லை, அவர் தலைவரே ஆனாலும். எனவே கிளார்க்கிடம் கொடுங்கள். தீர்மானம் இப்படி இருக்கலாம்: "1980 நெடுஞ்சாலைச் சட்டம் 130(6) பிரிவின்படி பாரிஷ் எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளின் தடைகள் குறித்து முறையிடும் அதிகாரம் கிளார்க்கிடம் ஒப்படைக்கப்படுகிறது, எடுத்த நடவடிக்கையை அவர் அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பார்." இதை நிகழ்ச்சி நிரலில் தனிப் பொருளாகப் போடுங்கள். "பிற விஷயங்கள்" என்ற தலைப்பில் முடிவு எடுத்தால் அது செல்லாது. அழைப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே மூன்று முழு நாள் வேண்டும்; அனுப்பும் நாள், கூட்ட நாள், ஞாயிறு மூன்றும் கணக்கில் வராது. செவ்வாய் மாலை கூட்டம் என்றால் வியாழனுக்குள் அழைப்பு போயிருக்க வேண்டும். அந்த வயலைப் பயிரிடுபவரே உங்கள் உறுப்பினராக இருந்தால், அந்த வயல் பற்றிய பேச்சிலும் வாக்கிலும் அவர் கலந்துகொள்ளக் கூடாது. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால்தான் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சான்று இல்லாத முறையீடு நிற்காது. கலப்பை இறங்கிய தேதிதான் முக்கியம். அது தெரியாவிட்டால் 14 நாளை எங்கிருந்து எண்ணுவது? பாதையருகே குடியிருக்கும் இரண்டு மூன்று பேரிடம், உழுத அன்று ஒரு படமும் 15ஆம் நாள் ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவையாக, எதிர்ப்பக்க உயிர்வேலியில் உள்ள வழிக்கம்பமோ கேட்டோ தெரியும்படி இருக்கட்டும். மண்ணில் 1 மீட்டர் கோலைக் குறுக்கே வைத்தால் அகலம் பற்றி வாதமே எழாது. பாதையின் எண், எட்டு இலக்க வரைபடக் குறியீடு இரண்டையும் எழுதுங்கள். ஆறு இலக்கம் போட்டால் 100 மீட்டர் சதுரம் வரும், அதில் எந்த மூலை என்று அதிகாரி தேட வேண்டியிருக்கும்.

ஆனாலும் கடிதத்துக்கு முன் விவசாயியின் கதவைத் தட்டுங்கள். பல வயல்களில் விதைப்பவர் வெளியூர் ஒப்பந்தக்காரர். பாதை எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகஸ்டுக்கு முன்பே பாதைக் கோட்டை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், டிராக்டரின் திரையிலேயே அதை ஏற்றிக்கொள்ளலாம். விதைத்த கையோடு, ஒரு முனைக் கம்பத்திலிருந்து மறுமுனைக் கம்பத்தைக் குறிவைத்து டிராக்டர் சக்கரம் ஒருமுறை ஓடினால் மண் அமுங்கும், கோடும் தெரியும். பயிர் முளைத்ததும் அந்தக் கோட்டில் மட்டும் களைக்கொல்லி அடித்தால் அறுவடை வரை பாதை திறந்திருக்கும். ரேப் வயலில் மட்டும் 1 மீட்டருக்கும் கூடுதலாக விடச் சொல்லிக் கேளுங்கள், அது சாயும் பயிர். களிமண் நிலத்தில் சக்கரம் ஓட்டாமல் விட்டால் ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸில் ஒரு கிலோ மண் ஏறும். முதியவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

இந்த வேலைக்குப் பாரிஷ் வரிப்பணத்தைச் செலவிடாதீர்கள். பாதையைப் பராமரிக்க நெடுஞ்சாலைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. தரையில் மண்டும் முட்புதரை வெட்ட அதைப் பயன்படுத்துங்கள். உழுததைச் சமன்படுத்துவது நிலத்தைப் பயிரிடுபவர் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் நெடுஞ்சாலைப் பொறுப்புள்ள கவுன்சில் தானே செய்து செலவை அவரிடமே வசூலிக்கலாம். நீங்கள் ஒருமுறை பணம் கொடுத்தால் அடுத்த ஆண்டும் உங்கள் வாசலுக்கே வருவார்கள்.

ஜூலை நிகழ்ச்சி நிரல் இன்னும் அச்சாகவில்லை என்றால், இன்றே கிளார்க்குக்கு ஒரு வரி எழுதி இந்தப் பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பாதைகளில் நடப்பவர்கள்