ஆளுயரக் கடிகாரம்: முதலில் மெஷின், அப்புறம்தான் தேக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே ஆளுயரக் கடிகாரம் செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேக்குப் பலகை பார்த்து வாங்குவது, மூலை இணைப்பு, பாலிஷ் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் கடைசியில் "உள்ளே பிடித்த மெஷினைப் பொருத்திக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பெட்டியை முடித்துவிட்டு மெஷின் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரி செல் போடும் குவார்ட்ஸ் மெஷினில்தான் போய் நிற்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் செய்த பெட்டிக்குள் வேறு எதுவும் போகாது. அத்தனை உழைப்பையும் தேக்கையும் கொட்டிவிட்டு, சும்மா ஆடுகிற ஒரு பொய்ப் பெண்டுலத்தைத் தொங்கவிடுவது எனக்கு உண்மையாகவே மனசு ஆறவில்லை.

இந்தப் பெட்டி அழகுக்காக உயரமானதில்லை. 1656-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் பெண்டுலக் கடிகாரத்தை உருவாக்கியபோது அது மிக அகலமாக ஆட வேண்டியிருந்தது, அதனால் பெண்டுலமும் குட்டையாகவே இருந்தது. 1670 வாக்கில் இங்கிலாந்தில் நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் (பல்சக்கரத்தை ஆட்டத்துக்கு ஒரு பல்லாக விடும் பாகம்) வந்த பிறகு சில டிகிரி ஆட்டமே போதும் என்றாகி, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் நீளப் பெண்டுலத்தைக் குறுகலான பெட்டிக்குள் வைக்க முடிந்தது. அதன் கணக்கு நீளம் ஏறக்குறைய 99 செ.மீ. அதற்கு மேலே மெஷினும் டயலும், பக்கத்திலேயே கடிகாரத்தை ஓட்டும் எடைக்குண்டுகள் எட்டு நாள் இறங்குவதற்கு இடம், இதெல்லாம் சேர்ந்துதான் ஆளுயரம் வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய சுவர்க் கடிகார மெஷின்கள் அருமையானவைதான், ஆனால் பெரும்பாலும் சாவி கொடுக்கும் ஸ்பிரிங்கில் ஓடுபவை, பெண்டுலமும் குட்டை. அவற்றைச் சுவரிலேயே மாட்டுங்கள், ஆறடிப் பெட்டி அவற்றுக்குத் தேவையில்லை.

புதிதாக வாங்குவதென்றால் ஜெர்மன் மெஷின்கள் பக்கம்தான் போக வேண்டும். கோஸ்ஹைம் ஊரில் 1922-இல் தொடங்கிய ஹெர்ம்லே நிறுவனத்தின் 451 வரிசை சங்கிலி வகை, 1161 வரிசை கேபிள் வகை. சங்கிலி வகையில் வாரம் ஒரு தடவை சங்கிலியைக் கீழே இழுத்தால் எடைகள் மேலே ஏறிவிடும், டயலில் ஓட்டை தேவையில்லை. கேபிள் வகைக்கு டயல் வழியாகச் சாவி போட்டுச் சுற்ற வேண்டும், ஆனால் மூன்று விதமான மணி ராகம் வைத்த பெரிய மெஷின்கள் இதில்தான் வருகின்றன, விலையும் அதற்கேற்ப ஏறும். முதல் தடவை செய்பவருக்கு என் சிபாரிசு சங்கிலி வகைதான். கால் மணிக்கொரு முறை பிக் பென் ராகம் பாடுவது கடையில் கேட்க நன்றாக இருக்கும், நடுராத்திரி அடுக்குமாடி வீட்டில் அப்படி இருக்காது, ஆகவே சத்தத்தை நிறுத்தும் லீவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்டலாகில் பெண்டுலத்துக்கு 94, 114 என்று போட்டிருக்கும். அது செ.மீ. கணக்கில் தொங்கும் மொத்த நீளம். ஒவ்வொரு மெஷினின் பல்சக்கரங்களும் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கே வெட்டப்பட்டவை, அதனால் ஒன்றின் பெண்டுலத்தை இன்னொன்றில் மாட்டி ஒப்பேற்ற முடியாது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்டி வரைபடமே போட வேண்டும். பெண்டுலத் தட்டின் அகலத்தோடு இரண்டு பக்க ஆட்டத்தையும் கூட்டி, அதற்கும் மேல் தாராளமாக இடம் விட்டால்தான் உள் அகலம் சரியாக வரும். மெஷின் உட்காரும் பலகையின் உயரம், முள் தண்டின் நீளம், அதற்கேற்ற டயல் கனம் எல்லாமே மெஷினிலிருந்து அளந்து எடுக்க வேண்டியவை.

எடைக்குண்டு விஷயத்தில் ஆசாரிகள்கூடத் தடுமாறுகிறார்கள். மூன்று குண்டுகளும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் எடை ஒன்றில்லை, ராகம் அடிக்கும் வலது பக்கத்துக் குண்டு பொதுவாகக் கூடுதல் கனம். நேரத்தை ஓட்டுவது நடுக் குண்டு. அது 3 கிலோ, 1.2 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் மொத்த ஆற்றல் 35 ஜூல் அளவு. 5 வாட் எல்ஈடி பல்பு அதை ஏழே வினாடியில் தின்றுவிடும், கடிகாரம் அதை வைத்து எட்டு நாள் ஓடுகிறது! அதனால்தான் தூசியும் பிசுக்கும் இவ்வளவு பெரிய விஷயம். ஓடாமல் நின்றால் இன்னும் கனமான குண்டு மாட்டுவார்கள், அது தப்பு, அச்சு முனைகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, பிசினாகிவிடும். கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெயில் ஒரு சொட்டு போதும்.

அப்புறம், நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு ஒரு பெண்டுலக் கடிகாரத்தைக் கொண்டுபோனார், பாரிஸில் சரியாக ஓடியது அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதித்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு, அதுதான் காரணம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, தென் ஜெர்மனி 48-இல். அங்கே சரிசெய்த கடிகாரம் இங்கே வந்தால் நாளுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கும் என்பது சாதாரணக் கணக்கு. மெஷின் கெட்டுவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம். பெண்டுலத்தின் அடியில் இருக்கும் திருகாணியைச் சுற்றித் தட்டை இரண்டரை மில்லிமீட்டர் போல மேலே ஏற்றினால் தீர்ந்தது. வெயிலுக்கும் கணக்கு உண்டு, பத்து டிகிரி சூடு ஏறினால் பித்தளைத் தண்டு நாளுக்கு 8 வினாடி தாமதிக்கும், இரும்பு 5, மரம் இரண்டே வினாடி. நான் மரத் தண்டுதான் எடுப்பேன், ஆனால் கடற்கரை ஊர்களில் ஈரம் குடிக்காதபடி நன்றாக வார்னிஷ் அடித்திருக்க வேண்டும்.

நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இதெல்லாம் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு, மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போன, ஜான் ஷெல்டன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் செய்த கடிகாரத்தைச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் செய்தது, மெட்ராஸின் வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கித்தான் அது மலை ஏறியது.

இன்னொன்று. வாரத்தின் நடுவில் கடிகாரம் காரணமில்லாமல் நிற்கிறது என்று பலர் புலம்புவார்கள். எடைக்குண்டுகள் இறங்கி இறங்கிப் பெண்டுலத் தட்டின் மட்டத்துக்கு வரும்போது, பெட்டி கொஞ்சம் ஆடினாலும் போதும், குண்டுகளும் சேர்ந்து ஆடத் தொடங்கிப் பெண்டுலத்தின் சக்தியை வாங்கிக்கொள்ளும். ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்கள் ஒன்றோடொன்று இசைந்து ஆடுவதை 1665-லேயே ஹைகன்ஸ் கவனித்து எழுதியிருக்கிறார். மருந்து சுலபம், பெட்டியின் முதுகை இரண்டு ஸ்க்ரூ போட்டுச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். உங்கள் கட்டுரையில் பெட்டி நடுக் கூடத்தில் தனியாக நிற்பது போலப் படம் போட்டிருந்தீர்கள், அழகாகத்தான் இருந்தது, ஆனால் மொசைக் தரையில் அப்படி நிறுத்தினால் இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் அச்சிட்ட அளவுகள் எந்த மெஷினுக்கு, எந்த நீளப் பெண்டுலத்துக்கு என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு, வரும் ஞாயிறே ஒரு சின்னக் குறிப்பாகப் போட்டுவிடுங்கள். யாராவது இந்த வாரமே மரக்கடைக்குப் போயிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை