பாப்பாவுக்கு, முடி விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெசேஜைப் படித்ததிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. முடி பரட்டையாகப் பறக்கிறது, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அடங்க மாட்டேன் என்கிறது, பேசாமல் பார்லரில் போய் முடியை நேராக்கும் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொள்ளப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் தலை, உன் முடிவு, அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அங்கே போய் உட்காருவதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் முடிக்கு எண்ணெய் போதாமல் இல்லை பாப்பா. தண்ணீர் அதற்குள் கண்டபடி போய்வருவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முடியின் மேலும் கூரை ஓடு அடுக்கினது போல மெல்லிய செதில்கள் படிந்திருக்கும். அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்புப் படலம் முளைக்கும்போதே ஒட்டிக்கொண்டு வரும், தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளுவது அதன் வேலை. ப்ளீச்சும் கலரிங்கும் அந்தப் படலத்தைக் கழற்றிவிடும். தினமும் போடும் அயர்ன் சூடும், காய்ந்த முடியை வறட்டு வறட்டென்று வாருவதும் செதிலை உடைத்துத் தூக்கிவிடும். அப்புறம் காற்றில் கொஞ்சம் ஈரம் கூடினால் போதும், முடி அதை உறிஞ்சி வீங்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வீங்காது, அதனால்தான் ஒவ்வொரு முடியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் வளைந்து எழும்பி நிற்கிறது. முடிக்கும் ஈரத்துக்கும் இருக்கும் இந்த உறவு புதுசாகக் கண்டுபிடித்ததில்லை. 1783இலேயே சோசூர் என்ற ஜெனீவாக்காரர், ஈரம் கூடினால் மனித முடி நீளும், குறைந்தால் சுருங்கும் என்பதை வைத்துக் காற்றின் ஈரப்பதம் அளக்கும் கருவியைப் பற்றியே புத்தகம் எழுதியிருக்கிறார். காலையில் படிய வாரிக்கொண்டு போனவள் மதியம் பொங்கின தலையோடு நிற்பது உன் கவனக்குறைவு இல்லை.

அதனால் பொங்கின பிறகு மேலே மேலே எண்ணெய் தடவுவதில் பலன் கிடையாது, பிசுக்கு மட்டும்தான் மிச்சம். எண்ணெயை வைக்க வேண்டிய நேரம் குளிப்பதற்கு முன்னால். அதிலும் தேங்காய் எண்ணெய். 2003இல் ரெலே, மொஹிலே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் போட்டுப் பார்த்தார்கள். முடியின் புரதம் கழுவலில் கரைந்து போவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் பாதிக்குப் பக்கமாக இருப்பது லாரிக் அமிலம், அதன் மூலக்கூறு சின்னது, நேராக நீண்டிருப்பது, அதனால் முடித் தண்டுக்குள்ளேயே நுழைகிறது. எண்ணெய் உள்ளே இருந்தால் குளிக்கும்போது தண்ணீர் குறைவாக ஏறும், முடி குறைவாக வீங்கும், செதில் குறைவாக அடிபடும். முந்தின ராத்திரியே வைத்துவிட்டால் நல்லது, முடியாத நாளில் இரண்டு மணி நேரமாவது ஊறட்டும். காதுக்குக் கீழே ஆரம்பித்து நுனி வரைக்கும் தடவு. உனக்குப் பொடுகு வந்து வந்து போகும் என்பதால் வேரில் வைக்காதே, பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயில் உள்ள கொழுப்பைத் தின்றுதான் பெருகும்.

ஷாம்பு வேருக்குத்தான். வழியும் நுரையே நுனிக்குப் போதும். குளிக்கும் சோப்பைத் தலையில் போடாதே, அதன் காரத்தில் செதில் இன்னும் தூக்கிக்கொள்ளும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். நீ கண்டிஷனரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை, கையில் கொஞ்சம் எடுத்துத் தடவி உடனே கழுவிவிடுகிறாய். ஆனால் பரட்டையை அடக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். அடிபட்ட முடியில் எதிர் மின்னூட்டம் அதிகம், கண்டிஷனரில் இருக்கும் பொருட்களில் நேர் மின்னூட்டம், அதனால் எங்கே அதிகம் சேதமோ அங்கேயே தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் விட்டு அலசினாலும் ஒரு மெல்லிய படலம் நிற்கும். பாட்டிலின் பின்பக்கம் பெஹென்ட்ரிமோனியம், செட்ரிமோனியம் என்று ஏதாவது இருந்தால் அதுதான் இந்த வேலையைச் செய்கிறது. செட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்று பார்த்துவிட்டு, ஐயோ ஆல்கஹால் என்று பயந்து கீழே வைத்துவிடாதே, அவை மெழுகு மாதிரியான கொழுப்பு வகை, முடியை வழவழப்பாக்குபவை. சிலிகோனைப் பற்றியும் உன் தோழிகள் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். அது முடிக்கு விஷம் இல்லை. டைமெதிகோன் என்ற சிலிகோன் வகை முடியைச் சுற்றி ஒரு உறை போலப் படிந்து உரசலைக் குறைக்கிறது. நாளாக ஆகப் படிந்து முடி கனத்தால், ஒருமுறை நன்றாக ஷாம்பு போட்டால் போய்விடும். உன்னைப் போலக் கலர் செய்த முடிக்கு நான் சிலிகோன் உள்ளதைத்தான் வாங்கச் சொல்வேன்.

போடுகிற விதமும் இருக்கிறது. தண்ணீரை லேசாகப் பிழிந்துவிட்டு, தாராளமாக எடுத்து, காதுக்குக் கீழே தடவு. அப்படியே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடு. ஈர முடி சீக்கிரம் அறுந்துவிடும், ஆனால் கண்டிஷனரின் வழுக்கல் இருக்கும்போது சீப்பு இழுக்காது. நம்முடையது மாதிரி அலை அலையான முடிக்குச் சிக்கெடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசு. வாரத்துக்கு ஒருமுறை இதற்குப் பதிலாக ஹேர் மாஸ்க் போட்டுப் பத்து நிமிடம் விடலாம். புரதம் சேர்த்த மாஸ்க்கை மட்டும் அடிக்கடி போடாதே, சிலருக்கு முடி விறைத்துப்போகும்.

குளித்துவிட்டு வந்ததும் துண்டால் தேய்த்துத் துவட்டும் பழக்கத்தை இன்றோடு விடு. பழைய காட்டன் டீ-ஷர்ட்டால் ஒற்றி எடு. முடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்று ஈரம் மட்டும் இருக்கும்போதே, அலசாமல் அப்படியே விடும் லீவ்-இன் கண்டிஷனர் கொஞ்சம், அதற்கு மேலே எண்ணெயோ சீரமோ இரண்டு மூன்று சொட்டு உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும். இந்த எண்ணெய் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே ஏறுவதைத் தாமதப்படுத்த மட்டும்தான், அதனால் கொஞ்சம் போதும். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் பொருள் பட்டியலின் முதல் வரியிலேயே கிளிசரின் இருக்கும் லீவ்-இன் வேண்டாம், அது காற்றிலிருந்து இன்னும் ஈரத்தை இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் காயும் வரைக்கும் கை வைக்காதே! நீ பேசிக்கொண்டே முடியைக் கோதிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

காய்ந்த பிறகு வாராமல் விட்டுப் பார். உன் முடி அலை விழும், சில இடங்களில் சுருளும். இத்தனை நாளாக நீ பரட்டை என்று திட்டிக்கொண்டிருந்ததில் பாதி, நேர்முடி மாதிரி வாரி வாரிக் கலைந்துபோன சுருள்தான். என் முடியும் இதே வகை. அழகான முடி பாப்பா, இதை மனதாரச் சொல்கிறேன். பெண்ணாகப் பெற்றதால் சொல்லவில்லை.

இப்போது அந்த ட்ரீட்மென்ட். பெயர் கெரட்டின், அதாவது முடியின் புரதம், என்றாலும் முடியை நேராக்குவது பெரும்பாலும் அந்தக் கெரட்டின் இல்லை. பல கலவைகளில் ஃபார்மால்டிஹைடோ, சூடு பட்டதும் அதை வெளிவிடும் பொருளோ இருக்கிறது. மெத்திலீன் கிளைக்கால் என்று எழுதியிருந்தாலும் அது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. சூடான அயர்ன் வைக்கும்போது எழும் அந்தப் புகையை நீயும் சுவாசிப்பாய், உனக்குச் செய்துவிடும் பெண்ணும் சுவாசிப்பாள், அவள் பாவம், தினமும். சரி, அது இல்லாத வகை என்று சொன்னால்? அவற்றில் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும், அதைப் போட்டுக்கொண்ட பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எப்படியும் செய்யத்தான் போகிறாய் என்றால், முன்னாலேயே பாட்டிலை வாங்கிப் படி. காட்ட மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த மாற்றம் கொஞ்ச நாளில் திடீரென்று வந்ததா? முடி உதிர்வது, அசதி, தோல் வறட்சி இவையும் சேர்ந்து இருந்தால் தைராய்டு ஒருமுறை பார்த்துவிடு, அதற்கு எந்த எண்ணெயும் மருந்தாகாது.

நுனி பிளந்திருந்தால் அதை ஒட்டவைக்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், உன் முடியின் நீளத்துக்கு நுனி மூன்று வருஷத்துக்கு மேல் பழசு. அது பட்ட பாடெல்லாம் ஒரே குளியலில் சரியாகாது, இரண்டு மாதமாவது இப்படிச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் பார்லர் பற்றி யோசி.

இப்போது வைத்திருக்கும் ஷாம்பு, கண்டிஷனர் இரண்டின் பின்பக்கத்தையும் எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா